நாய் கட்டும் நேரம்

எங்கள் லே-அவுட்டில் பொழுது சாய்வதை யாரும் சாயங்காலம் என்று சொல்வதில்லை. நாய் கட்டும் நேரம் என்றுதான் பேச்சு. தண்ணீர் கேன் போடுகிறவரிடம், "நாய் கட்டற நேரத்துக்குள்ள வந்துட்டுப் போயிருங்க" என்போம். வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆரம்பத்தில் நானும் சிரித்தேன். இப்போது அந்த நேரம் நெருங்கினாலே நான் போய் வாசக்கதவைச் சாத்திவிடுகிறேன்.

கோயமுத்தூருக்கு மேற்கே, தடாகம் ரோட்டிலிருந்து பிரிந்து மலையைப் பார்த்துப் போகும் தார்ரோட்டின் கடைசியில் எங்கள் வீடு. சைட் விற்றவர்கள் கொடுத்த வழவழப்பான நோட்டீஸில் மலை இருந்தது, மயில் இருந்தது, மொட்டை மாடியில் காபி குடிக்கும் ஒரு ஜோடி இருந்தது. யானை இல்லை. சோளக்காட்டை மட்டம் தட்டி, கல் நட்டு, தெருவுக்குத் தெரு பூவின் பெயர் வைத்து விற்றுவிட்டார்கள். யானைக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை. அது பழைய ஞாபகத்தில் வந்துகொண்டே இருக்கிறது. பன்றிகள் குடும்பத்தோடு வந்து குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கின்றன. மாடியில் மிளகாய் காயப்போட்டால் மயில் விடுவதில்லை. இங்கே பாதிப் பேர் யானையைப் பார்த்ததும் பிள்ளையாரப்பா என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். மறுநாள் வாழைமரம் சாய்ந்து கிடப்பதைப் பார்த்து அதே வாயால் சாபம் கொடுப்பார்கள். எனக்கு இரண்டுமே எரிச்சல். பசித்தது, தின்றது, போனது. அதைக் கும்பிடவும் வேண்டாம், வையவும் வேண்டாம்.

நானும் என் வீட்டுக்காரரும் கருமத்தம்பட்டியில் சொந்தமாக விசைத்தறி போட்டு ஓட்டியவர்கள். தறி ஓடும் குடோனுக்குள் வாயால் பேசிப் பிரயோசனமில்லை. காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் பாதிதான் விழும். அதனால் அங்கே எல்லோருக்கும் கைப்பேச்சு உண்டு. நூல் அறுந்தால் இரண்டு விரலைக் கத்தரிபோல் அசைக்க வேண்டும். தறி ஓடுகிறதா என்று கேட்க ஒரு விரலைச் சுழற்றினால் போதும். மூடிய கையைக் காட்டினால் நின்றுபோய்விட்டது என்று அர்த்தம். கல்யாணமாகி வந்த புதிதில் நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொண்டது கையால்தான். சண்டைகூடக் கையால்தான் போட்டோம். திட்டுகிறது என்று தெரியும், என்ன வார்த்தை என்று தெரியாது. அதில் ஒரு நிம்மதி இருந்தது.

தறி எனக்குச் சோறு போட்டது. ஆனாலும் அதை விற்றபோது எனக்குத் துளி வருத்தமும் இல்லை. அது அவர் காதைத் தின்றிருந்தது. முதலில் குயில் கூவுவது கேட்காமல் போனது, பிறகு போன் மணி, பிறகு மகளின் குரல். கடைசியில் நான் பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத மனிதராகிவிட்டார். எல்லாம் போன பிறகு அவர் கேட்டது ஒன்றுதான். "சத்தமில்லாத இடமாப் பார்த்துக் குடி போலாம் புள்ள." காது கேட்காதவருக்கு எதற்கு அமைதியான இடம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் தரையின் அதிர்வு அவர் காலுக்குத் தெரியும். நடுராத்திரியில் பக்கத்துக் குடோனில் தறி ஓடினாலும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துகொள்வார். அதனால்தான் இந்த மலையடிவாரத்துக்கு வந்தோம்.

வந்த பிறகுதான் தெரிந்தது, இங்கே பிழைப்பதே காதை வைத்துத்தான் என்று. யானை வருவதை யாரும் கண்ணால் முதலில் பார்ப்பதில்லை. மூங்கில் முறியும் சத்தம், யாரோ பட்டாசு வெடிக்கும் சத்தம், தெரு நாய்கள் ஒரு திசையைப் பார்த்துக் குரைக்கும் சத்தம். இவற்றைக் கேட்டுத்தான் வீட்டுக்குள் ஓட வேண்டும். என் வீட்டுக்காரருக்கு இதில் ஒன்றுகூடக் கேட்காது. அவர் காலையில் நடக்கக் கிளம்பினால் திரும்பி வரும்வரை எனக்கு அடுப்பில் என்ன வெந்துகொண்டிருக்கிறது என்றே தெரியாது.

திருப்பூரில் இருக்கும் எங்கள் மகள் ஒரு காது மிஷின் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். ஒரே ஒரு நாள் போட்டுப் பார்த்தார். "மறுபடியும் தறிக்குடோனுக்குள்ள போன மாதிரி இருக்குது" என்று கழற்றி பீரோவில் வைத்துவிட்டார். மகள் கெஞ்சினாள், நான் கத்தினேன். அவருக்கு ஒரு வசதி, கத்தினாலும் கேட்காது.

அப்போதுதான் அந்த நாய் வந்தது. பக்கத்து சைட்டில் வீடு கட்டியவர்கள் வேலை முடிந்து போகும்போது விட்டுவிட்டுப் போன செவலைக் குட்டி. அதற்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. அவர் வாயால் கூப்பிட மாட்டார், காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டுவார். எங்கிருந்தாலும் ஓடி வரும். இவரைப் பார்த்துக் குரைத்துப் புண்ணியமில்லை என்பது அதற்கு யாரும் சொல்லாமலே புரிந்துவிட்டது. வாசலில் ஆள் வந்தால் என்னைப் பார்த்துக் குரைக்கும். அவரிடம் போய் முழங்காலில் மூக்கால் இடிக்கும். இடித்துவிட்டு, எந்தப் பக்கம் ஆள் நிற்கிறாரோ அந்தப் பக்கம் திரும்பி நிற்கும். பால்காரர் வந்தாலும் அப்படித்தான், பாம்பு வந்தாலும் அப்படித்தான்.

ஒரு நாள் காலையில் அவரும் நாயும் நடக்கப் போயிருந்தார்கள். தெரு முக்கில் பாதியில் நின்றுபோன கட்டிடம் ஒன்று உண்டு. அதன் சுவரை ஒட்டி ஓர் ஒற்றை யானை நின்றுகொண்டிருந்தது. மாடிகளில் நின்று எல்லோரும் அவரைப் பார்த்துக் கத்தினார்கள். நானும் மாடியில்தான் இருந்தேன். அவர் கையை வீசிக்கொண்டு நேராக அந்த முக்கை நோக்கி நடந்துகொண்டிருந்தார். நாய் முன்னால் ஓடி அவர் காலுக்குக் குறுக்கே விழுந்தது. அவர் தாண்டப் பார்த்தார். அது வேட்டியைக் கவ்விப் பின்னால் இழுத்தது. குனிந்து அதன் முகத்தைப் பார்த்தார், அது திரும்பிய பக்கத்தைப் பார்த்தார், அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். "எதுக்கு அழுகுற, அதுதான் வந்துட்டமல்ல" என்றார். வந்துட்டமல்ல. தன்னையும் நாயையும் சேர்த்துத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு எனக்குப் பயம் குறைந்தது. அந்த நாய்க்கு முட்டை வேகவைத்துப் போட ஆரம்பித்தேன். நாயை வீட்டுக்குள் விடும் பழக்கம் என் பிறந்த வீட்டிலும் இல்லை, அவர் வீட்டிலும் இல்லை. அதுவும் வாசப்படியைத் தாண்டப் பார்த்ததில்லை. போர்டிகோவில் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு, அதுதான் அதன் இடம்.

பலாப்பழக் காலத்தில் அடுத்த தெருவில் ஒரு வீட்டு வளர்ப்பு நாய், வந்த யானையைப் பார்த்துக் குரைத்துக்கொண்டு ஓடியது. யானை திரும்பித் துரத்தியது. பயந்த நாய் எங்கே ஓடும்? தன் வீட்டுக்குத்தான் ஓடும். யானையும் பின்னாலேயே வந்து கேட்டைத் தள்ளி, போர்டிகோ தூணைச் சாய்த்துவிட்டுப் போனது. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தது அதிர்ஷ்டம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டம் போட்டார்கள். டீ, பிஸ்கட், ஆளுக்கொரு யோசனை. கடைசியில் இரண்டு முடிவு. ஒன்று, பொழுது சாயும்போது எல்லோரும் தங்கள் நாயைக் கட்டிவிட வேண்டும். இரண்டு, இருட்டியபின் எங்கே நாய் விடாமல் குரைத்தாலும் யானை என்று வைத்துக்கொண்டு கதவைச் சாத்தி விளக்கை அணைத்துவிட வேண்டும், யாரும் வெளியே வந்து எட்டிப் பார்க்கக் கூடாது. எல்லோரும் கை தூக்கினார்கள். யானையை வைத்துப் பார்த்தால் இரண்டும் நல்ல முடிவுதான். அங்கே இருந்த ஒருவருக்கும் யானையைத் தவிர வேறு எதுவும் நினைவில் இல்லை.

என் வீட்டுக்காரர் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஆள். தறி ஓட்டிய காலத்தில், சொந்தத் தறி என்றாலும் ஷிப்டுக்கு ஒரு நிமிஷம் தாமதமாக வந்தவரில்லை. அன்றைக்கே பழைய சாமான் கிடந்த பெட்டியைத் தேடித் தறியில் நூல் உருளையை இழுத்துப் பிடிக்கும் சங்கிலி ஒன்றை எடுத்தார். தறி பெல்ட்டுத் தோலை வெட்டி, இரட்டை மடிப்பாக மடித்து, மெழுகு நூல் போட்டுக் கழுத்துப் பட்டை தைத்தார். அவர் கை வேலை எப்போதும் கெட்டி. இழுத்துப் பார்த்துவிட்டு, "யானை இழுத்தாலும் வராது" என்றார். தினமும் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் காலைத் தட்டுவார். நாய் வந்து கழுத்தைக் காட்டும். போர்டிகோ தூணில் கட்டிவிட்டு, அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே வருவார். அதன் பிறகு முழங்காலில் வந்து இடிக்க ஆள் இல்லை. ஆனால் இருட்டிய பிறகு அவர் வெளியே போவதில்லை, நானும் வீட்டில் இருக்கிறேன். அது போதும் என்று நினைத்தோம்.

கொடுமுடியில் என் அக்காவின் கணவர் தவறிப்போனார். பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் போக வேண்டியிருந்தது. காவிரிக்கரையில் சடங்கு முடிந்து அன்றைக்கே திரும்ப முடியாது. இவரைத் தனியே விட்டுப் போக எனக்கு மனசில்லை. "நீங்களும் வாங்க" என்றேன், கையால் பாதி, வாயால் பாதி. பஸ் இரைச்சல் தலைக்குள் குடைகிறது என்று மறுத்துவிட்டார்.

"நாய் இருக்குதல்ல. நீ போயிட்டு வா புள்ள" என்றார்.

மறுநாள் காலையில் அக்கா வீட்டில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. எதிர்வீட்டுப் பெண்.

"அக்கா, பயந்துக்காதீங்க. மாமாவுக்கு ஒண்ணுமில்லீங்க. உங்க நாயைத்தானுங்க... சிறுத்தை கொண்டுபோயிருச்சுங்க."

நான் வந்து சேர்ந்தபோது அவர் போர்டிகோ நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தூணில் சங்கிலி அப்படியே இருந்தது. அதன் நுனியில் கழுத்துப் பட்டையின் பாதி தொங்கியது. தரையைக் கழுவியிருந்தார். ஆனாலும் ஓடுகளின் இடுக்கில் கருப்பாக இருந்தது. காலையில் எழுந்து பழைய பழக்கத்தில் கதவுக்கு உள்ளிருந்தே காலைத் தட்டினாராம். கதவில் அது வந்து இடிக்கும் அதிர்வு வரவில்லையாம். கட்டியிருப்பது மறந்துபோய் மறுபடியும் தட்டினாராம். அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்திருக்கிறார்.

தெருவில் எல்லோருக்கும் நாய் குரைத்தது கேட்டிருக்கிறது. எல்லோரும் கூட்டத்தில் முடிவு செய்தபடியே செய்திருக்கிறார்கள். கதவைச் சாத்தினார்கள், விளக்கை அணைத்தார்கள். எதிர்வீட்டுக்காரர் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டிருக்கிறார். மறுபடி மறுபடி போட்டிருக்கிறார். காது கேட்காத மனிதரின் போன் மேஜை மேல் கிடந்து அடித்து ஓய்ந்திருக்கிறது. யார் மேல் கோபப்படுவது? எனக்கு எல்லோர் மேலும் கோபம் வந்தது. முதல் கோபம், டீயும் பிஸ்கட்டும் வைத்துப் போட்ட அந்தக் கூட்டத்தின் மேல். ஆனால் நாங்களும்தான் கை தூக்கினோம்.

அன்று மதியம் எதிர்வீட்டுக்காரர் தன் கேமராவில் பதிவானதைப் போனில் கொண்டுவந்தார். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தங்கமான மனிதர். வனத்துறைக்கு அனுப்புவதற்கு முன் எங்களிடம் காட்ட வேண்டும் என்று நினைத்திருக்கிறார். வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். என் வீட்டுக்காரர் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார். தெருவிலிருந்து இன்னும் இரண்டு மூன்று பேர் வந்து பின்னால் நின்றார்கள்.

படத்தில் எங்கள் போர்டிகோ. ஜன்னலில் டிவி வெளிச்சம் மாறி மாறி அடிக்கிறது. அவர் உள்ளே உட்கார்ந்து, செய்தி சேனலில் கீழே ஓடும் எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்த நேரம் அது. நாய் எழுந்து நிற்கிறது. மதில்மேல் ஏதோ நகர்கிறது. அந்தப் போனில் சத்தமும் இருந்தது. நான் அதை எதிர்பார்க்கவில்லை.

சிறுத்தை இறங்கும் முன்பே நாய்க்குத் தெரிந்துவிட்டது. அது மதிலை விட்டு எதிர்ப் பக்கம், கேட்டை நோக்கி இழுத்திருக்கலாம். ஆனால் வாசக்கதவை நோக்கி இழுத்தது. சங்கிலி கதவுப் பக்கமாகவே விறைத்து நின்றது. உள்ளே போய் அவர் முழங்காலில் இடிக்கப் பார்த்திருக்கிறது. அதற்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். முடியாதபோது, இவருக்குக் கேட்காது என்று தெரிந்தும் கதவைப் பார்த்துக் குரைத்தது. பிறகு குரைப்பு வேறு சத்தமாக மாறியது. சங்கிலி அறவில்லை. பட்டையும் சீக்கிரம் அறவில்லை. அவர் இரட்டை மடிப்பாகத் தைத்திருந்தார். ஜன்னலில் டிவி வெளிச்சம் அடித்துக்கொண்டே இருந்தது.

எதிர்வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் வீட்டுக்காரர் போனைப் பார்ப்பதை விட்டுவிட்டு எங்கள் முகங்களைப் பார்க்க ஆரம்பித்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தறிக்குடோனில் எந்தத் தறியில் கோளாறு என்று ஆட்களின் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவர் அவர். கடைசியில் என்னைப் பார்த்து ஒரு விரலைச் சுழற்றினார். சத்தம் ஓடுகிறதா என்று கேட்டார்.

நான் கையை மூடிக் காட்டினேன். இல்லை, அப்போதே நின்றுபோய்விட்டது. ஒரே கவ்வு, சத்தமே இல்லை என்றது என் கை.

அவர் தலையாட்டினார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

வனத்துறை ஆட்கள் வந்து கால்தடம் பார்த்து, எதிர்வீட்டை ஒட்டிய காலி சைட்டில் கூண்டு வைத்தார்கள். கூண்டின் முன்பகுதி சிறுத்தைக்கு. பின்பகுதி, கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம், இரைக்கு. அதில் தெரு நாய் ஒன்றைப் பிடித்து அடைத்தார்கள். "சிறுத்தையால அதைத் தொட முடியாதுங்க, நடுவுல கம்பி இருக்குதுங்க" என்று விளக்கினார்கள். தெருவில் எல்லோரும் நிம்மதியானார்கள். நாய்க்கு மட்டும் யாராலும் அதை விளக்க முடியவில்லை. பகலெல்லாம் சுருண்டு படுத்திருந்தது. வெயில் இறங்கியதும் எழுந்து நின்று மலையைப் பார்த்தது. பிறகு முனக ஆரம்பித்தது.

நான் வாசக்கதவைச் சாத்தப் போனேன். பீரோ திறக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவர் காது மிஷினை எடுத்துக்கொண்டு வந்தார். மகள் சொல்லிக்கொடுத்தபடி புதுப் பேட்டரி போட்டு, காதில் பொருத்திக்கொண்டார். போர்டிகோவுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். "இருட்டப் போகுது, உள்ள வாங்க" என்று கை காட்டினேன். அவர் அசையவில்லை. நானும் வாசப்படியில் நின்றேன்.

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். "குக்கருங்க" என்றேன். எங்கோ மயில் அகவியது. "மயிலா?" என்றார். ஆமாம் என்றேன். அந்தக் கேள்வியில் ஒரு நொடி எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவர் ஒரு மயிலைக் கேட்டிருக்கிறார்.

பிறகு கூண்டிலிருந்த நாய் கத்தியது. குரைப்பு இல்லை. போனில் கடைசியில் கேட்டதே, அந்தச் சத்தம். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். அது நிறுத்தவில்லை. அவரும் தலையை நிமிர்த்தவில்லை. தூணில் தொங்கிய பாதிப் பட்டையைக் கையில் எடுத்து, அறுந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். மெழுகு நூல் ஒவ்வொரு தையலாகப் பிரிந்திருந்தது. எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று தைத்தவருக்குத் தெரியாதா?

என்னைப் பார்த்தார். நான் பழையபடி கையை மூடிக் காட்டினேன். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"கையில சொல்லாத புள்ள. வாயில சொல்லு. இப்ப எனக்குக் கேக்குது."

இத்தனை காலம், இவர் காதில் ஒரு வார்த்தை விழாதா என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டவள் நான்.

"கத்துச்சுங்க" என்றேன்.

"ரொம்ப நேரமா?"

"ரொம்ப நேரமுங்க."

"எந்தப் பக்கம் பார்த்து?"

நான் கதவைக் காட்டினேன்.

அவர் தலையாட்டினார். காதிலிருந்து மிஷினைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, தன் கையாலேயே என் விரல்களை மூடிவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கூண்டிலிருந்த நாய் கத்திக்கொண்டே இருந்தது. அதை இனி நான் ஒருத்திதான் கேட்க வேண்டும். கதவைச் சாத்தி, விளக்கை அணைத்தேன்.